காமன் எரிந்த வாரம்

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. இப்போதும் அப்படித்தான். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் இன்னும் மோசம். தகரக் கூரை போட்ட ஒரே மண்டபம், அரிவரியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் அதற்குள். வாத்தியார் நான் ஒருவன்தான். இந்தக் கோடியில் வாய்ப்பாடு, அந்தக் கோடியில் ஆனா ஆவன்னா, நடுவில் நான். காலையில் நடக்கத் தொடங்கினால் பிள்ளைகளை வீட்டுக்கு விடும்வரை நடைதான். மாஸ்டர் ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்கிறார் என்று பெரிய பையன்கள் பந்தயம் கட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கோபமும் எனக்கு அப்படித்தான் வரும். முதலில் வந்துவிடும், எதற்கு வந்தது என்று பிறகுதான் யோசிப்பேன். வயது இருபத்து மூன்று. ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவன் நான். தோட்டத்துக்குப் போனது வேறு இடம் கிடைக்காததால்தான். சனிக்கிழமை விடிந்தால் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு ஓடிவிடுவேன். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் நடக்கிற கல்யாணம், திருவிழா, கூத்து எதற்கும் நான் நின்றதில்லை. அதெல்லாம் அவர்கள் விஷயம், நமக்கென்ன என்று இருந்தேன்.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். கழித்தலைப் புளியங்கொட்டை வைத்து எப்படி விளக்குவது, கரும்பலகையில் கோணாமல் எப்படி எழுதுவது, பாட்டுக்கு எங்கே தாளம் தட்டுவது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இன்னொரு பிள்ளையின் கையைப் பல்லால் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நேரம் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அது மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை. விடியற்காலைப் பனியில் தேயிலைக் கொழுந்தெல்லாம் கருகியிருந்தது. பிள்ளைகள் கம்பளித் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து, வாயிலிருந்து புகை விட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், முதலாம் வகுப்பு வாங்குப் பலகையிலிருந்து ஒரே அலறல்.

அலறியவன் கங்காணியின் மகன். ஏழு வயது, வாய் ஓயாதவன். அவன் மேல்கையைக் கடித்துக்கொண்டிருந்தவள் ஒரு சின்னப் பெண். அதுவரை அவள் குரலைக்கூட நான் சரியாகக் கேட்டதில்லை. பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், பிறகு உட்காருவாள், அவ்வளவுதான். அவளை இழுத்துப் பிரிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. பையனின் கையில் பல் பதிந்து வட்டமாகச் சிவந்திருந்தது.

"ஏன் கடிச்சே?"

அவள் பையனையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிரம்பை எடுத்தேன். கையை நீட்டச் சொன்னதும் நீட்டினாள். முதல் அடிக்கு அவள் கையை இழுக்கவுமில்லை, அழவுமில்லை. அவள் அழவில்லை என்பதற்காகவே இரண்டாவது அடியைப் பலமாகக் கொடுத்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். அவள் போய் உட்கார்ந்து தன் சிலேட்டை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்து உடைத்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவளை வெளியே தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு இன்னும் வேகமாக நடக்கத் தொடங்கினேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை உடைந்த சிலேட்டின் சட்டத்தால் அதே பையனின் நெற்றியில் அடித்துவிட்டாள். இந்த முறை இரத்தம் வந்தது.

அன்று மத்தியானமே கங்காணி வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். நாற்பது ஐம்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற ஆள், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு தகரம் பறந்தால்கூட அவர்தான் தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போய்ச் சொல்லவேண்டும். கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"மாஸ்டர், அந்தப் புள்ளைய நிப்பாட்டிருங்க."

"சின்னப் பிள்ளைங்க சண்டைதானே, நான் பார்த்துக்கிறேன்."

"ரெண்டு தடவ ஆச்சு. அடுத்த தடவ கண்ணு போயிரும். திங்கக்கெழம வருவேன். அந்தப் புள்ள இங்க இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா நான் தொரகிட்டதான் பேசணும்."

பேசிக்கொண்டிருக்கும்போது அவர் அந்தப் பெண்ணிருந்த பக்கமே திரும்பவில்லை. ஒரு கங்காணிக்கு ஆறு வயதுப் பிள்ளையைப் பார்க்க என்ன பயம் என்று அப்போது நான் நினைக்கவில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன்.

தோட்டத்தில் ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். மறுநாளே கைப்பிள்ளையை அவள் இடுப்பில் ஏற்றிவிடுவார்கள். தாய் கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள், இவள் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், கஞ்சி காய்ச்சுவாள். கொஞ்சம் வளர்ந்ததும் வேலைக்குப் பேர் பதிந்து இவளும் மலைக்குப் போவாள். அப்படி நிறுத்திய பிள்ளை திரும்பி வந்ததை நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. என் ஐந்தாம் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

அதனால் வியாழக்கிழமை எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். தனியாகக் கூப்பிட்டு அதட்டிப் பார்த்தேன், பிறகு கெஞ்சிப் பார்த்தேன். முஸ்லிம் முதலாளி கடையில் வாங்கி வைத்திருந்த இனிப்பு உருண்டையைக் கையில் கொடுத்தேன். அதை மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றாள். கை பிசுபிசுத்ததே தவிர வாய் திறக்கவில்லை. "பேசேன்! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். கத்திவிட்டு மண்டபத்தை இரண்டு சுற்று நடந்தேன். மூன்றாவது சுற்றில் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னது.

"மாஸ்டர், அவங்கப்பாவ இவங்கப்பா எரிச்சுப்புட்டாருல்ல. அதான் கடிக்கிறா."

"யாரை யார் எரிச்சது?"

"காமன் கூத்துல மாஸ்டர். அவங்கப்பாதான் காமன். இவங்கப்பாதான் சிவன்."

கங்காணியின் மகன் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினான். நெற்றியில் துணிக்கட்டு. "ஆமா மாஸ்டர். எங்கப்பாதான் எரிச்சாரு. நான் அவகிட்டயே சொன்னேன்."

நான் சிரித்துவிட்டேன். அத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருந்தது சட்டென்று தளர்ந்ததில் வந்த சிரிப்பு அது. மாசியில் தோட்டம்தோறும் காமன் கூத்து நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் போவதும், சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிப்பதும், ரதி அழுது புரண்டு உயிர்ப்பிச்சை கேட்பதும்தான் கதை. கம்பம் நட்டு, வைக்கோலும் வரட்டியும் கட்டி, கடைசி நாள் விடிகிற நேரம் அதற்குத் தீ வைப்பார்கள். அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் எரித்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல ஹட்டனில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதானா விஷயம் என்று எனக்குப் பெரிய நிம்மதி. எல்லா வகுப்பையும் கை தட்டி நிறுத்தினேன்.

"எல்லாரும் கேளுங்க. காமன் கூத்துன்னா வேஷம். வெறும் வேஷம். சிவனும் இல்லை, காமனும் இல்லை. சாயம் பூசிக்கிட்டு ஆடினாங்க, முடிஞ்சதும் கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. யாரும் யாரையும் எரிக்கலை. புரிஞ்சுதா?"

ஒரு பிள்ளைகூடத் தலையாட்டவில்லை. கோயில் சிலையை நான் காலால் எட்டி உதைத்ததுபோல எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும் தலையைக் குனிந்து, முழங்கால் இரண்டையும் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தாள். அவள் அப்பா கழுவிவிட்டு வீட்டுக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியாதே.

சாயந்தரத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற இடத்தில், வேலையைவிட என் பேச்சுத்தான் அதிகம் அடிபட்டதாம். பெரட்டுக் கலைந்ததும் கங்காணி நேரே என் அறைக்கு வந்தார். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர், வேஷம்னு சொன்னீங்களா?"

"பிள்ளைங்க பயந்துபோயிருக்கு. அதுக்காகச் சொன்னேன்."

"காப்புக் கட்டுன நாள்லேருந்து நான் என் வீட்டுப் பாயில படுக்கல. ஒரு வேள சாப்பாடு. காமனா நின்னவனும் அப்பிடித்தான். பதினேழு நாளு கோயில்லதான் கெடந்தோம். வேஷம்னா எதுக்கு மாஸ்டர் இதெல்லாம்?"

"நான் அப்படிச் சொல்ல வரலை..."

"அன்னைக்கு ஆடுனது நானில்ல. எனக்கு நெனவே இல்ல. தீயக் கையில எடுத்தது தெரியும். அதுக்கப்பறம் தெரியாது."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. நான் அதை ஆத்திரம் என்று எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமையை இன்னொரு தடவை நினைவுபடுத்திவிட்டு அவர் போய்விட்டார். அன்று பள்ளிக்கூடத்துக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். அந்தப் பெண் வந்திருந்தாள். கங்காணியின் மகனை நான் என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவிலேயே நடந்துகொண்டிருந்தேன்.

பின்னேரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அவளுடைய தாய் வந்தாள். கூடையைக்கூட இறக்கவில்லை. சேலைக்கு மேல் கட்டிய சாக்குப் படங்கு ஈரமாக இருந்தது. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மாஸ்டர், கூத்த மட்டும் அப்பிடிச் சொல்லாதீங்க. சாமி குத்தமாயிரும். அவருக்குக் காலுப் புண்ணு ஆறாமப் போயிரும்."

"யாருக்குக் கால் புண்?"

"உங்களுக்குத் தெரியாதா? தீயி கொஞ்சம் முந்திருச்சு மாஸ்டர். இவரு வெலகுறதுக்குள்ள வைக்கோலு சரிஞ்சு காலு மேல விழுந்திருச்சு. கொழுந்து லொறியில போட்டு ஹட்டன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

நான் கையிலிருந்த சோக்குக் கட்டியைக் கீழே வைத்தேன். "பாப்பாகிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சின்னப் புள்ளகிட்ட என்னத்தச் சொல்றது? ஆஸ்பத்திரின்னா பயந்துக்குமே. அப்பா நல்லாருக்காரு, நான் பாத்துட்டுத்தான் வாரேன்னு சொன்னேன்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. விடியலில் புருஷனை லொறியில் ஏற்றி, இரவு திரும்பி, மறுநாள் பெரட்டுக்கு நின்றவள் அவள். ஐந்து நாளும் என் கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், உன் அப்பா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காதவன் நான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என்மேலேயே கோபம் வந்தது. அதற்குப் பிரம்பும் உதவாது, நடையும் உதவாது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் வருகிறேன் என்றேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போகவில்லை. போய் என்ன செய்வது? அறையில் இருக்க முடியாமல் பங்களா ரோட்டில் ஏறி இறங்கினேன், தேயிலை ஸ்டோர் வரை போனேன், திரும்பி வந்தேன். இரண்டு நாளில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்குமா இருக்காதா என்பது முடிவாகிவிடும். அப்பாவைப் பார்த்துவிட்டால் கடிப்பதை நிறுத்திவிடுவாளா? நிறுத்தினாலும் கங்காணி விடுவாரா? வேஷம் என்று சொன்ன வாத்தியாரின் பேச்சைத் தொரை கேட்பாரா? எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்கவில்லை. கால் மட்டும் வலித்தது.

ஞாயிறு காலை பஸ்ஸில் தாய் கைப்பிள்ளையோடு முன் சீட்டில் இருந்தாள். அந்தப் பெண் என் பக்கத்தில். தலவாக்கலை தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவளாகத்தான் பேசினாள். "மாஸ்டர், நம்ம எங்க போறோம்?"

"அப்பாவைப் பார்க்கப் போறோம்."

"அம்மா பாக்கட்டும். என் கண்ணுக்குத் தெரிய மாட்டாரு."

"ஏன் தெரிய மாட்டாரு?"

"காமன் உசுரோட வந்தாலும் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாரு. பாட்டுல சொன்னாங்க. அம்மாவும் பாத்தேன்னு சொன்னிச்சு. நான் வீட்டுல எல்லா எடமும் தேடிட்டேன். எனக்குத் தெரியல."

கூத்தின் கடைசியில் சிவன் மனமிரங்கி மன்மதனை எழுப்புவார். ஆனால் உடம்பில்லாமல், ரதி மட்டுமே காணும்படி. கதை அப்படித்தான். இந்தப் பிள்ளை கதையையும் சரியாகக் கேட்டிருக்கிறாள், தாய் சொன்னதையும் சரியாகக் கேட்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவள் சொன்ன விடைதான் வரும். நான் சொல்லிக் கொடுத்த கணக்கில்கூட யாரும் அவ்வளவு ஒழுங்காக விடை கண்டுபிடித்ததில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "அவரு எங்க காம்பராவுலதான் இருக்காரா மாஸ்டர்? நான் நடக்கறப்போ மிதிச்சிருவேனா?"

மிதிக்க மாட்டாய் என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்கம் சொல்லப் போனால் மறுபடியும் எதையாவது உளறிவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த சிங்கள ஊழியர், சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விட முடியாது என்றார். சட்டம் அதுதான். நான் சிங்களத்தில் சத்தம் போடத் தொடங்கினேன். "மெதுவாப் பேசுங்க மாஸ்டர்" என்று தாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை, அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு நின்றாள். கண்ணில் என்ன, நோவா என்று கேட்டார். காமன் கதையைச் சிங்களத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்பா செத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் எங்களை விறாந்தையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் அப்பாவை அவரே தோள்கொடுத்துக் கூட்டிவந்தார். ஒல்லியான மனிதர். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரே வெள்ளைக் கட்டு. ஒற்றைக் காலில் தத்தி வந்து வாங்கில் உட்கார்ந்தார்.

"அம்மாடி, இங்க பாரு" என்றார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தாயின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். திறந்து பார்த்து அங்கே யாரும் இல்லையென்றால் என்ன செய்வது என்று அவளுக்குப் பயம். அப்பா கையை நீட்டி அவள் காதைத் தொட்டார். அவள் அந்தக் கையைப் பிடித்தாள், ஒவ்வொரு விரலாகத் தடவினாள், பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

அப்பாவைக் கண்ட பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்று நான் காத்திருந்தேன். அவள் அடித்தாள். இரண்டு கை முட்டியாலும் நெஞ்சில், தோளில், முகத்தில் அடித்தாள். "எங்க போனே, எங்க போனே, எங்க போனே" என்று கத்திக்கொண்டே அடித்தாள். அந்தக் குரல் அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. வார்டிலிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் தடுக்கப் போனேன். என் கை அதற்குப் பழகியிருந்தது.

"விடுங்க மாஸ்டர்" என்றார் அவர். "அடிக்கட்டும். அடிச்சுட்டு ஓஞ்சுரும்."

அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அடிபட்டுக்கொண்டே அவள் முதுகில் கையை வைத்திருந்தார், அழுத்தாமல் சும்மா வைத்திருந்தார். நான் நின்ற இடத்தில் நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் அசையாமல் நின்றதில்லை. கடைசியில் அவள் கை ஓய்ந்தது, அழுகை வந்தது, அழுகையும் ஓய்ந்தது. அவர் மடியில் தலை வைத்தபடியே தூங்கிப்போனாள். திங்கட்கிழமை நான் பிரம்பால் கொடுத்த இரண்டு அடிக்கு அழாதவள்.

மறுநாள் திங்கட்கிழமை. சொன்னபடி கங்காணி வந்தார். எட்டரை மணிக்கே வந்துவிட்டார், மகனையும் கையில் பிடித்துக்கொண்டு. அவள் தன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் நான் கொடுத்த புதுச் சிலேட்டு.

"நிப்பாட்டலையா மாஸ்டர்?"

"இல்லை" என்றேன். இரவெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. தொரையிடம் போகட்டும், போனால் நானும் வருவேன் என்று மனசுக்குள் முறுக்கிக்கொண்டு நின்றேன். கால் நடக்கத் துடித்தது.

"அப்ப மன்னிப்பாவது கேக்கச் சொல்லுங்க. எம் புள்ள நெத்திய ஒடச்சிருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். கேள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் சிலேட்டை வாங்கில் வைத்துவிட்டு எழுந்தாள். பையனிடம் போகவில்லை. நேரே வாசலுக்குப் போய்க் கங்காணிக்கு முன்னால் நின்று, கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். கங்காணி ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"எங்கப்பா இருக்காரு" என்றாள். "என் கண்ணுக்கும் தெரியுறாரு. நீங்க கொல்லல."

மண்டபத்தில் வாய்ப்பாடு நின்றுவிட்டது. கங்காணி மகனின் கையை விட்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு வாரமாக அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பாத முகம் அப்போதுதான் முழுசாக அவள்மேல் விழுந்தது. அந்த முகத்தில் இருந்ததைத் திமிர் என்று நினைத்தேனே, எவ்வளவு பெரிய மடையன் நான். தீயைக் கையில் எடுத்தது தெரியும், பிறகு தெரியாது என்று அந்த மனிதர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் பல் துலக்கிக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

அவர் மெல்லக் குந்தி உட்கார்ந்தார். கோட்டு மண்ணில் புரண்டது.

"காலு எப்பிடிம்மா இருக்கு அவனுக்கு?"

"இவ்வளவு பெரிய கட்டுப் போட்டிருக்காங்க." இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டதை மறக்காமல் ஒப்பிக்கிற பிள்ளையாகச் சொன்னாள். "கங்காணி ஏன் இன்னும் வரலன்னு அப்பா கேட்டாரு."

கங்காணி துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அப்பா அழுவதைப் பார்த்து மகன் வீறிட்டு அழத் தொடங்கினான். அவனை யாரும் அடக்கவில்லை. நானும் அடக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களையும் பார்க்காதே என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்தார். மகனை உள்ளே போகச் சொன்னார். பிள்ளையை நிறுத்துவதைப் பற்றியோ தொரையைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று அவர் மலைக்குப் போகவில்லை என்றும், அவருடைய ஆட்கள் அவரைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்றும், கோட்டில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் முச்சந்தியில் ஹட்டன் பஸ்ஸுக்கு நின்றார் என்றும் பிறகு சொன்னார்கள்.